தோள்பை எங்கே கிழிகிறது: வீட்டில் தைத்த ஒரு பையின் நிகழ்வு ஆய்வு

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் தைத்த கேன்வாஸ் தோள்பை. வாங்கியவர் குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய்வருபவர். ஏப்ரலில் வாங்கினார். நவம்பரில் பை தைத்தவர் கைக்கே திரும்பி வந்தது. கூடவே வந்த புகார் இவ்வளவுதான்: "அக்கா, வார் பிஞ்சிட்டு. செருப்பு தைக்கியவருட்ட குடுத்து ஒருக்கா தச்சேன், பொறவும் அதே எடத்துலதான் போச்சு."

புகார் ஒன்று, பிரித்துப் பார்த்தபோது பழுது ஐந்து. வீட்டுத் தையலில் அடிக்கடி தனித்தனியாக வருபவை இந்த ஒரே பையில் ஒன்றுகூடியிருந்ததால்தான் இதை எடுத்து எழுதுகிறோம். தைத்தவருக்குக் கை நன்றாகவே ஓடும். பிளவுஸ், சுடிதார் தைப்பதில் பல வருட அனுபவம். தையல் கோடு எங்கும் கோணவில்லை. அப்படியிருந்தும் பை ஏழு மாதம்தான் தாங்கியது.

பை வந்த நிலை

அளவு: அடியில் 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், 28 செ.மீ. உயரம். வெளித்துணி சுமார் 340 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 340 கிராம்) பருத்திக் கேன்வாஸ், கருநீலம். உள்துணி கஞ்சி போட்ட காடா. மேலே ஜிப். வார் இரண்டும் அதே கேன்வாஸை நான்காக மடித்துத் தைத்தவை. அடியில் உருவம் நிற்க ஒரு அட்டை.

பின்பக்க வாரின் இடது முனை மேல் விளிம்போடு கிழிந்திருந்தது. ஜிப் மூடினாலும் ரன்னருக்குப் பின்னால் பல் பிரிந்தது. அடிப்பக்கம் தொட்டில்போலத் தொங்கியது. உள்துணியில் கரும்புள்ளிகள். உள்ளே சாவி மாட்டும் வளையத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத் துருக்கறை. முன்பக்கத்தில் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் துணியின் பின்னால் ஒட்டும் விறைப்புத் துணி) அங்கங்கே கொப்புளம்போல எழும்பியிருந்தது. ஆறாவதாகச் சேர்க்க வேண்டுமானால் அதையும் சேர்க்கலாம். ஆனால் அதற்குக் காரணம் தேட அவசியமில்லை. துவைக்காத துணியில் கஞ்சி மேல் ஒட்டிய பசை நிற்காது.

கிழிசலைப் படிப்பது

பிய்ந்த பையை உடனே மிஷினில் போட்டுத் தைத்துவிடக் கூடாது. முதலில் கிழிந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். நூல் அறுந்து, துணி முழுதாக இருந்தால் நூல் போதவில்லை. நூல் முழுதாக நின்று, துணி தையல் கோட்டின் வழியே கிழிந்திருந்தால் துளை அதிகம், அல்லது பின்னால் தாங்கல் இல்லை. வாரின் முனை இழை இழையாக உருவி வந்திருந்தால் உள்ளே விட்ட பங்கு குறைவு.

இங்கே நூல் அறுபடவில்லை. வாரின் முனையில் தையல் அப்படியே இருந்தது, அதோடு பையின் துணியில் ஒரு கீற்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தபால்தலைத் தாளைத் துளை வழியே கிழிப்பதுபோல. அளந்ததில் ஓர் அங்குலத்துக்கு 12 தையல். தடித்த துணி என்பதால் 18ஆம் எண் ஊசி போட்டிருக்கிறார்; அதன் தண்டு 1.1 மி.மீ. 12 துளையை 1.1 ஆல் பெருக்கினால் 13 மி.மீ. வாரின் அகலமோ 25 மி.மீ. அந்தக் கோட்டில் பாதி இடம் ஊசி போன வழி. நெய்த துணியில் கூரான ஊசி பெரும்பாலும் இழையை விலக்கித்தான் போகும், அறுக்காது; ஆனால் ஒரே ஊசியை மாதக்கணக்கில் ஓட்டினால் முனை மழுங்கி அறுக்க ஆரம்பிக்கும். ரெக்சினில், அதாவது செயற்கைத் தோலில், இன்னும் மோசம், அங்கே எல்லாத் துளையும் நிரந்தரம்.

பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு நெருக்கமான தையல்தான் உறுதி. மெல்லிய துணியில் அது சரி. கேன்வாஸில் ஓர் அங்குலத்துக்கு 8 தையல், அதாவது ஒரு தையல் 3 மி.மீ. முதல் 3.5 மி.மீ. வரை போதும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கும் பூட்டுத் தையலின் (சாதாரண மிஷின் தையல்) பலத்துக்குத் தொழிற்சாலைகளில் ஒரு தோராயக் கணக்குண்டு: அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதை நூல் ஒன்றின் பலத்தால் பெருக்கி, அதை 1.5 ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கான பலம். சட்டை தைக்கும் 120ஆம் எண் பாலியெஸ்டர் நூல் சுமார் 1 கிலோ தாங்கும் என்று வைத்தால், 8 தையலில் 12 கிலோ, 12 தையலில் 18 கிலோ. காகிதத்தில் 18 பெரிது. துணிதான் அதற்கு முன்பே விட்டுவிட்டது.

செருப்பு தைப்பவர் குத்தூசியால் அதே கோட்டில் தடித்த மெழுகு நூல் போட்டிருந்தார். அவர் மேல் குற்றமில்லை; அவர் கையில் இருந்தது செருப்புக்கான ஊசி. ஏற்கெனவே பலமிழந்த கோட்டில் இன்னும் பெரிய துளைகள் விழுந்தன, அவ்வளவே.

ஆனால் கிழிந்தது ஏன் பின்வாரின் இடது முனை மட்டும்? நான்கு முனையும் ஒரே மாதிரிதானே தைத்தது? இதற்கான விடை வாரை அவிழ்த்து மேஜையில் நீட்டி அளந்தபோது கிடைத்தது. முன்வார் பின்வாரைவிட 3 செ.மீ. நீளம். தைத்த அன்று இரண்டும் சமம். துணி மிச்சப்படுத்த ஒரு வாரைப் பாவு வாக்கில் கரைக்கு இணையாகவும், மற்றதை ஊடை வாக்கில் குறுக்காகவும் வெட்டியிருக்கிறார். ஊடை இழை நெசவில் அதிகம் வளைந்து போவதால் இழுவிசைக்குக் கூடுதலாக நீளும். மாதங்கள் போகப் போக முன்வார் நீண்டு தொங்க, சுமை முழுதும் நீளாத பின்வாரில் இறங்கியது. பையில் தினமும் இருந்தவற்றை நிறுத்துப் பார்த்தால்: தண்ணீர் பாட்டில் 1.1 கிலோ, சாப்பாட்டுப் பாத்திரம் 1.2, குடை 0.4, மொபைல், சார்ஜர், பர்ஸ் சேர்ந்து 0.6, நோட்டும் கோப்பும் 0.5. மொத்தம் 3.8 கிலோ. நான்கு முனையில் பிரிந்தால் ஒன்றுக்கு ஒரு கிலோகூட இல்லை. இரண்டு முனையில் விழுந்தால் 1.9. நின்றுகொண்டு போகும் பேருந்தில் பிரேக் போடும்போதும், இறங்குபவர் பையை உரசி இழுத்துக்கொண்டு போகும்போதும் ஒரே முனை அதைப்போலப் பல மடங்கைத் தாங்க வேண்டியிருக்கும். பாட்டில் எப்போதும் இடப்பக்கம் நின்றது. உள்துணியில் அதன் வட்டத் தேய்மானம் தெரிந்தது. இடது முனை கிழிந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்று, வாரைச் சொருகிய விதம். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மேல் விளிம்பில் 1 செ.மீ. மட்டும் விட்டு, ஒரு தையல், மேலே ஒரு அழகுத் தையல். இது மஞ்சப்பையின் முறை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கிய பிறகு பலர் வீட்டில் பை தைக்க இறங்கினார்கள். சந்தைக்குப் போய் இரண்டு கிலோ காய் வாங்கிவரும் பைக்கு அந்த முறை தாராளம். தினம் எட்டு மணி நேரம் தோளில் கிடக்கும் பைக்கு ஒத்துவராது. விளிம்பில் மட்டும் பிடித்த வார், சுமை வரும்போது துணியை உரிப்பதுபோல இழுக்கும். பையின் உடம்பில் கீழிறக்கித் தைத்த வாரோ துணியோடு இணையாக இழுக்கும். உரித்தால் முதல் தையல், பிறகு அடுத்தது என்று வரிசையாகப் போகும். இணையாக இழுத்தால் எல்லாத் தையலும் சேர்ந்து தாங்கும்.

மழையும் உப்பும்

குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தைவிட விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஈரம் அதிகம். ஏப்ரலில் வாங்கிய பை இரண்டு மழையையும் கண்டுவிட்டது. அதுபோக, வாங்கியவர் வீடு கடற்கரை ஊரில். உலர்ந்த ஊர்க்காரர்கள் எழுதும் பைக் குறிப்புகளை அப்படியே இங்கே எடுத்தால் சரிவராததன் காரணம் இதுதான்.

அட்டை. ஈரக்குடையை மடித்து உள்ளே வைத்தால் நீர் வடிந்து அடியில் நிற்கும். அட்டை அதைக் குடித்து ஊறி, காயும்போது வளைந்த வடிவத்திலேயே காயும். அடி தொங்கினால் பக்கங்கள் உள்நோக்கி இழுபட்டு, வார் முனைகள் சாய்வாக இழுக்கும். வார் கிழிவதில் அட்டைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அட்டைக்குப் பதில் விளம்பரப் பலகைக்குப் போடும் சன்பேக் ஷீட், 3 மி.மீ. தடிப்பு. 29.5 க்கு 9.5 செ.மீ. வெட்டி நான்கு முனையையும் உருட்ட வேண்டும். கூர்முனை ஒரு மாதத்தில் உள்துணியைக் குத்தும். பலகையின் உள்ளே ஓடும் குழாய்கள் பையின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே இருந்தால் நடுவில் மடியும். அதைத் தைத்து மூடாமல், தனியாக ஒரு துணி உறையில் போட்டு எடுக்கும்படி வைத்தால் பையைத் துவைக்கலாம்.

பூஞ்சை. அதன் தீனி கஞ்சி. கோரா, காடா போன்ற கஞ்சித் துணியைத் துவைக்காமல் உள்ளே போட்டதுதான் கரும்புள்ளிக்குக் காரணம். மழைக்காலத்தில் சனி ஞாயிறு முழுதும் அலமாரிக்குள் மூடிக் கிடந்த பையில் அது பரவாமல் என்ன செய்யும்? புள்ளி விழுந்த பின் வெளுக்கப் பார்ப்பதில் பலனில்லை; பிளீச்சிங் போட்டால் புள்ளி மங்கும், துணியும் நைந்துபோகும். இங்கே உள்துணிக்குச் சிறந்தது டஃபேட்டா அல்லது ரெயின்கோட் வகை நைலான், பாலியெஸ்டர். வழுக்கும், தைக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் காயும். பருத்திதான் வேண்டும் என்பவர்கள் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்தபின் வெட்டட்டும்.

துரு. கடையில் மின்னும் வளையம் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் எடுத்துப் போனால் போதும். நன்றாக ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே நிக்கல் பூச்சு கீறியதும் கடற்காற்றில் துரு பிடிக்கும், துணிக்கும் கறை இறங்கும். ஒட்டாதது பெரும்பாலும் துத்தநாகக் கலவை, பித்தளை, அல்லது நல்ல வகை எவர்சில்வர். துத்தநாகக் கலவை துருப்பிடிக்காது, ஆனால் வார்ப்பு என்பதால் பளுவில் படக்கென்று உடையும். சாவி மாட்ட அது போதும், வார் தாங்க வேண்டாம். டி வளையம் வாங்கும்போது அதன் இணைப்பையும் பாருங்கள். பற்றவைக்காமல் வெறுமனே முட்டவைத்த வளையத்தில் இடைவெளி விரிந்து வார் நழுவும்.

ரெக்சின் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு ரெக்சின் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து தோல் உரியும். பையைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உரியும். மேற்குக் கடற்கரை ஊர்களுக்கு அது வீண்செலவு. கேன்வாஸ் மங்கும், சுருங்கும், உரியாது.

ஜிப்

இது 5ஆம் எண் நைலான் சுருள் ஜிப். எண் என்பது மூடிய பல்லின் அகலம், ஏறக்குறைய மில்லிமீட்டரில். தோள்பைக்கு 5 சரியான அளவு. 3 சிறு பர்ஸுக்கு, 8 பயணப் பைக்கு. தேர்வில் தவறில்லை. உலோகப் பல் ஜிப் போட்டிருந்தால் கடலோரத்தில் இதைவிட முன்பே இறுகியிருக்கும்.

தவறு தைத்த இடத்தில். பல்லுக்கும் தையலுக்கும் நடுவே 2 மி.மீ.தான் விட்டிருக்கிறார். ரன்னர் போக 5 முதல் 6 மி.மீ. வேண்டும். துணி மடிப்பை அழுத்தி ஓரத்தில் ஒரு மேல்தையல் போடாததால் உள்துணி எழும்பி எழும்பி ரன்னரில் மாட்டியது. மாட்டினால் யாரும் நிதானமாகப் பின்னிழுப்பதில்லை, பலமாக இழுப்பார்கள். ரன்னரின் வாய் விரிந்து, பல்லைச் சேர்த்து அழுத்த முடியாமல் போயிற்று. ஜிப்பை மாற்ற வேண்டியதில்லை. ரன்னரின் இருபக்கக் கன்னத்தையும் குறடால் இலேசாக, ஒரே சீராக அழுத்திப் பார்க்கலாம். அதிகம் அழுத்தினால் ஓடாது. பிறகும் பிரிந்தால் ரன்னரை மட்டும் மாற்றலாம். ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி ரன்னரைத் தனியாக வாங்குபவர்கள் கூடவே இரண்டு ரன்னர் கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது. சுருள் ஜிப்புக்கான ரன்னரும் வார்ப்புப் பிளாஸ்டிக் பல் ஜிப்புக்கான ரன்னரும் வேறு வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் பொருந்தாது.

மறுபடி வெட்டியது: அதே அளவில் ஒரு புதுப் பை

துணி வாங்கும்போது வார்த்தையில் ஒரு குழப்பம் உண்டு. நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டிலோ மார்த்தாண்டத்திலோ தையல் சாமான் கடையில் "கேன்வாஸ்" என்று கேட்டால் பிளவுஸ் கழுத்துக்கு வைக்கும் வெள்ளை விறைப்புத் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். "பை தைக்கிற தடித்த துணி" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

வாங்கியதும் 30 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டித் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். 28.5 ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருக்கம். மொத்தத் துணியையும் துவைத்தபின்தான் வெட்டலாம். சாயத்துக்கு வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தி இருபது தரம் தேய்த்துப் பார்க்கவும். நீலம் ஏறினால் வியர்வையில் சுடிதாரிலும் ஏறும். கருநீலத்தையும் கருஞ்சிவப்பையும் இந்தச் சோதனை இல்லாமல் நம்பவே கூடாது.

எல்லா அளவிலும் 1 செ.மீ. தையல் பங்கு (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி) சேர்ந்தே இருக்கிறது. வெளித்துணியில் உடம்புத் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 42 க்கு 35 செ.மீ. மேல் உள்விளிம்புப் பட்டை இரண்டு, 42 க்கு 6. ஜிப் பட்டை இரண்டு, 36 க்கு 6. வார் முனைக்குப் பின்னால் தாங்கல் துண்டு நான்கு, 6 க்கு 8, முனை உருட்டியது. 112 செ.மீ. அகலத் துணியில் உடம்புத் துண்டு இரண்டும் அருகருகே 84 செ.மீ. எடுக்கும், உயரம் 35. அதன் கீழே ஒரு வரிசையில் உள்விளிம்பு, அடுத்த வரிசையில் ஜிப் பட்டை. ஆக 47 செ.மீ. நீளம். மீதி 28 செ.மீ. அகலக் கீற்றில் தாங்கல் துண்டுகள் அடங்கும். ஒரு பைக்கு 55 செ.மீ. வாங்கினால் சுருக்கத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். உள்துணிக்கு 42 க்கு 31 இரண்டு, ஜிப் பட்டை 36 க்கு 6 இரண்டு, பாக்கெட் 22 க்கு 30 ஒன்று, 45 செ.மீ. போதும்.

அடி மூலை வெட்டுவதில் பலர் ஏமாறுவார்கள். 10 செ.மீ. ஆழம் வேண்டும் என்றால் உடம்புத் துண்டின் கீழ் இரண்டு மூலையிலும் 5 செ.மீ. சதுரம், அதுவும் துணியின் வெட்டு விளிம்பிலிருந்து. தையல் கோட்டிலிருந்து 5 அளந்தால் விளிம்பிலிருந்து 6 ஆகிவிடும். ஆழம் 12, அடி அகலம் 28, உயரம் ஒரு செ.மீ. குறைவு, அடிப்பலகை உள்ளே பொருந்தாது. உள்துணியிலும் உள்விளிம்பிலும் பக்கத் தையலை 3 மி.மீ. கூடுதலாக உள்ளே தள்ளிப் போட வேண்டும். உள்பை வெளிப்பையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் உள்ளே பொதபொதவென்று தொங்காது.

வாருக்கு இந்தமுறை 2.5 செ.மீ. அகல, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் நாடா. ஒரு வார் 76 செ.மீ.: தெரிகிற பகுதி 60, இருபுறமும் உடம்பில் இறங்க 7 வீதம், மடிக்க 2. இரண்டுக்கு 1.6 மீட்டர். ஒரே சுருளிலிருந்து வெட்ட வேண்டும். வெட்டு முனையை மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் காட்டினால் இழை உருகி அடைபடும். பருத்தி நாடா உருகாது, கருகும். அதை மடித்துத்தான் தைக்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் நாடா விலை குறைவு, ஆனால் வெயிலில் வருடம் போகப் போக நொறுங்கும், இஸ்திரிச் சூட்டில் சுருங்கி உருகும்.

ஊசி, உடம்புத் தையலுக்கு 16, வார் முனைக்கு 18. வீட்டு மிஷின் ஊசியின் மேற்பகுதி ஒரு பக்கம் தட்டை. பவர் மிஷின் ஊசி உருண்டை. ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும். உடம்புக்கு 60 அல்லது 80, வார் முனைக்கு 40. மேலே 40 போட்டு பாபினில் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை) 120 போடுவது வீண். பூட்டுத் தையலில் எது மெலிதோ அதுதான் முதலில் விடும். மேலே இரண்டு நூலை ஒரே ஊசியில் கோத்துத் தைப்பவர்களும் இதே காரணத்தால் நினைத்த பலத்தைப் பெறுவதில்லை. பருத்தி நூல் இந்த ஊர் ஈரத்துக்கு வேண்டாம்.

தைத்த வரிசை

முதலில் ஃப்யூசிங். தையல் பங்கை விட்டு வெட்டி, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் ஒரே இடத்தில் 10 முதல் 12 விநாடி அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறும்வரை துணியை எடுக்கக் கூடாது. சூட்டோடு மடக்கினால் அங்கேதான் பின்னால் கொப்புளம்.

அடுத்து வார், உடம்பு தனித் துண்டாக இருக்கும்போதே. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7 செ.மீ. தள்ளி வாரின் நடு வரட்டும். முனையை 1 செ.மீ. மடித்து, மேல் விளிம்பிலிருந்து 7 செ.மீ. இறக்கி, துணியின் பின்னால் தாங்கல் துண்டை வைத்து, 2.5 க்கு 4 செ.மீ. பெட்டியும் உள்ளே குறுக்குக் கோடு இரண்டும். மூலையில் தொடங்கக் கூடாது. பக்கக் கோட்டின் நடுவில் தொடங்கி, சுற்றி வந்து, குறுக்கே போய், தொடங்கிய இடத்தின் மேல் நான்கு தையல் ஓட்டி முடிக்க வேண்டும். பெட்டியின் மேல்கோட்டுக்கு மட்டும் 2 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. அதே துளைகளில் மறுபடி ஓட்டினால் அந்தப் பழைய தபால்தலைக் கதைதான். பெட்டி மேல் விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. கீழேயே நின்றுவிட வேண்டும், விளிம்புத் தையலுக்கு இடம் வேண்டும். மறுபக்க வாரையும் தைத்தபின் இரண்டையும் சேர்த்து ஒரு கம்பில் மாட்டி, கீழே சமமாகத் தொங்குகிறதா என்று பார்க்கவும். 3 மி.மீ. வித்தியாசம்கூடப் பிரித்துத் தைக்கும் அளவுக்குப் பெரிது.

பிறகு உள்பை. வெளித்துணிப் பட்டையும் உள்துணிப் பட்டையும் நடுவே ஜிப்பைச் சொருகித் தைத்து, திருப்பி, மடிப்பை அழுத்தி, பல்லிலிருந்து 6 மி.மீ.யில் மேல்தையல். இந்த ஒரு கோடு இல்லாமல்தான் பழைய ஜிப் கெட்டது. ஜிப் பட்டையை உள்விளிம்புக்கும் உள்துணிக்கும் நடுவே வைத்து மூட்டினால் ஜிப் மேல் விளிம்பிலிருந்து 4 செ.மீ. இறங்கி உட்காரும், மழை நேராக விழாது. பாக்கெட்டை உள்துணியில் முன்பே தைத்திருக்க வேண்டும். குடைக்கென்று உள்ளே இடம் வைக்காதீர்கள். வெளியே பக்கவாட்டில் வலைத்துணிப் பை ஒன்று போதும்.

பக்கம், அடி, மூலை மூன்றையும் வெளிப்பையில் மூட்டி, உள்பையில் அடித்தையலில் 15 செ.மீ. வாய் விட்டு மூட்டி, ஜிப்பைத் திறந்துவைத்து, இரண்டையும் நல்லபக்கம் நல்லபக்கமாகச் சேர்த்து மேல் விளிம்பைச் சுற்றித் தைக்க வேண்டும். ஜிப்பைத் திறக்க மறந்தால் பையைப் புரட்ட வழியில்லை. இது எல்லாருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

இரண்டாம் பையில் வந்த சிக்கல்கள்

மேல் விளிம்பில் பக்கத்தையல் சந்திக்கும் இடத்தில் எட்டு அடுக்கு சேரும். கருப்பு டெய்லர் மிஷின் அதைத் தாண்டும், ஆனால் பாதம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் சாய்ந்து தையல் தாவுகிறது. ஒருமுறை ஊசியும் முறிந்தது. மேட்டுக்கு முன் நிறுத்தி, அதே தடிப்பில் மடித்த துணித்துண்டைப் பாதத்தின் பின்னால் வைத்துப் பாதத்தைச் சமனாக்கி, அந்த 2 செ.மீ.யை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போட்டால் தாவாது. தைப்பதற்கு முன் மேட்டைச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டுவதும், தையல் பங்கை அடுக்கு அடுக்காக 4, 6, 8 மி.மீ. என்று படிபோல வெட்டுவதும் இன்னும் நல்லது. குண்டூசிக்குப் பதில் கொடியில் துணிக்குப் போடும் கிளிப் போட்டால் எட்டு அடுக்கும் நழுவாது.

வார்ப் பெட்டியின் அடியில் முதல் முயற்சியில் நூல் குவிந்து கூடுகட்டியது. 40ஆம் எண் நூலுக்கு மேல் இறுக்கத்தைக் கூட்டாததும், தொடங்கும்போது இரண்டு நூல் வாலையும் பிடிக்காததும்தான் காரணம். அடியில் வளையம் தெரிந்தால் கை நேரே பாபின் திருகுக்குத்தான் போகும். பெரும்பாலும் தளர்ந்திருப்பது மேல்நூல்.

சோதனைக்கு ஆறு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் பாட்டில் ஆறில். ஒரு நாள் முழுதும் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு வார் இரண்டையும் மறுபடி அளந்ததில் நீள வித்தியாசம் இல்லை. பிறகு பத்து செ.மீ. தூக்கி விடுவதை முப்பது தரம், அதில் பத்து தரம் ஒற்றை வாரில் மட்டும். தாங்கல் துண்டின் ஒரு மூலையில் வெளித்துணி இலேசாகச் சுருங்கியது. பார்த்தால் அந்த ஒரு துண்டை மட்டும் முனை உருட்டாமல் விட்டிருந்தது. சதுர முனை இருந்த இடத்தில் இழுவிசை ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. பிரித்து உருட்டித் தைத்ததும் சரியாயிற்று.

பழைய பையையும் தூக்கிப் போடவில்லை. உடம்புத் துணி நன்றாகவே இருந்தது. மேல் விளிம்பில் 3 செ.மீ. வெட்டிக் கழித்தால் கிழிசலும் செருப்பு ஊசித் துளைகளும் அதோடு போய்விடும்; உயரம் 25 ஆகும். உள்துணியை டஃபேட்டாவாக மாற்றி, இரும்பு வளையத்தை எடுத்துவிட்டு, அட்டைக்குப் பதில் சன்பேக் வைத்து, நாடா வாரைப் புதிய துணியில், பழைய தையல் கோடு எதையும் தொடாத இடத்தில், தாங்கல் துண்டோடு இறக்கித் தைத்தால் போதும். வேலை அரை நாள். புதுப் பைக்கு முழு நாள் பிடிக்கிறது. வாங்கியவரிடம் அதையே திருப்பிக் கொடுத்தால் பாட்டிலை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.